சேஃப்டி ஷூவுக்குள் இருந்த கால்

1. மேடத்தின் பை

தமயந்தி மேடம் எங்கள் கிளினிக்குக்கு வந்த முதல் நாள், நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தோம்.

காரணம் உண்டு. ஒரகடம் ரோட்டில் இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் பையோடு ஒருத்தர் வந்தால் அவர் மருந்துக் கம்பெனி ரெப்பாகத்தான் இருப்பார். பையில் சாம்பிள் மாத்திரை இருக்கும், பேனா இருக்கும், மேஜைக் காலண்டர் இருக்கும். இந்த அம்மா பையைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு துண்டையும் எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

"பேனா கூட தரலண்ணே," என்று ஜமுனா என் காதோரம் சொன்னாள். "அப்ப பெரிய எடத்துலருந்து வந்துகீறாங்க. சின்ன ஆளுங்கதான் பேனா தருவாங்க."

ஜமுனா டோக்கன் போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். ரத்தம் எடுப்பது லேப் குப்புராஜ். நான் வரதன், டிரஸ்ஸிங் ரூம். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஊசி போடவும் புண் கழுவவும் ஒரு பழைய கம்பவுண்டர் கற்றுக்கொடுத்தார். காலையில் குளித்து நாமம் போட்டுக்கொண்டு, பெருமாளே என் கை யாருக்கும் கெடுதல் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கிளினிக் படி ஏறுவேன். இன்றைக்கும் அப்படித்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் சுகர் பேஷண்ட். மேடம் ஒரு டிரஸ்ட்லருந்து வர்றாங்க. கொஞ்ச நாளைக்கு புதன்கிழமை மதியம் வந்து சுகரைப் பத்தியும் அதனால வர்ற கோளாறுங்களைப் பத்தியும் சொல்லித் தருவாங்க. உக்காந்து கேளுங்க," என்றார்.

உட்கார்ந்தோம். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று சந்தேகம். ஏதோ புது மாத்திரையை எங்கள் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று ஜமுனா நினைத்தாள். சுற்றுவட்டாரக் கம்பெனிகள் சிலவற்றோடு எங்கள் டாக்டருக்கு ஏற்பாடு உண்டு. வேலைக்குச் சேரும்போதும் வருஷத்துக்கு ஒரு தடவையும் ஆட்கள் வந்து ரத்தம், கண், பி.பி. எல்லாம் காட்டி 'ஃபிட்' என்று எழுதி வாங்கிப் போவார்கள். அந்தக் கம்பெனிகள்தான் எங்களை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கின்றன என்பது குப்புராஜின் கணக்கு. என் சந்தேகம் பொதுவானது. நான் பிள்ளைப்பாக்கத்துக்காரன். எங்கள் ஊரில் நிலம் கேட்டு வந்த புரோக்கர்களும் முதல் நாள் சிரித்த முகத்தோடு ஸ்வீட் பாக்கெட் கொண்டுவந்தவர்கள்தான். சும்மா ஒருத்தர் ஒன்று கொடுக்கிறார் என்றால் எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும்.

மேடம் கேட்டார்: "சுகர் ரொம்ப நாளாக் கட்டுப்பாட்டுல இல்லன்னா என்னென்ன ஆகும்?"

"கண்ணு போவும், கிட்னி போவும், காலு போவும்," என்று ஜமுனா பாடம் மாதிரி ஒப்பித்தாள்.

"சரி. போன வாரம் எத்தனை சுகர் பேஷண்ட்டோட காலைப் பாத்தீங்க?"

நான் கொஞ்சம் நிமிர்ந்து, "தெனமும் பாக்குறேன் மேடம். டிரஸ்ஸிங்கே நான்தான்," என்றேன்.

"புண்ணு வந்த காலைச் சொல்லலண்ணே. புண்ணு வராத காலு."

புண் வராத காலை எதற்குப் பார்ப்பது? அதைக் கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

2. வெளியே விடாத ஷூ

எங்கள் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று போர்டு உண்டு. எல்லோரும் அப்படியே செய்வார்கள். ஆனால் சேஃப்டி ஷூ போட்ட கம்பெனி ஆட்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. முன்பு படியில் விட்ட சேஃப்டி ஷூக்கள் அடிக்கடி காணாமல் போயின. ஷூ இல்லாமல் போனால் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்தப் பையன்கள் எங்களோடு சண்டைக்கு வந்தார்கள். தவிர, அவர்கள் சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள். லேசைக் கழற்றி மாட்ட நேரம் இருக்காது. சாக்ஸ் நாற்றம் வேறு. அதனால் ஷூவின் மேலேயே பிளாஸ்டிக் கவரை மாட்டி உள்ளே விட்டுவிடுவோம்.

இரண்டாவது புதன்கிழமை மேடம் வாசலிலேயே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவரு எதுக்கும்மா?" என்று ஜமுனாவைக் கேட்டார். ஜமுனா விவரம் சொன்னாள்.

"அப்ப பூ விக்கிற அம்மா காலை நீங்க பாக்குறீங்க. எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை பாக்குறவன் காலை மட்டும் யாருமே பாத்ததில்ல."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற பேச்சாகத்தான் பட்டது. குப்புராஜ் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். வேவுதான் என்று அர்த்தம்.

அன்றைக்குப் பையிலிருந்து ஒரு பொருள் வந்தது. சின்னப் பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.

"வந்துச்சி பாருண்ணே ப்ராடக்ட்டு," என்றாள் ஜமுனா.

அந்த இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அது வளைகிற அளவுக்கு அழுத்த வேண்டும். பேஷண்ட் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் நரம்பு கெட்டிருக்கிறது. இதை ஒருத்தருக்கொருத்தர் செய்து பழகச் சொன்னார்.

"நான் மாட்டேன்," என்று ஜமுனா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வரதண்ணன் என் காலைத் தொடறதா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்ல சேக்காது."

மேடம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. துண்டை மடியில் விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குப்புராஜின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் "மேடம், மேடம், வாணாம் மேடம்" என்று நெளிந்தான். அவர் விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"வலிங்கறது வீட்டு நாய் மாதிரி," என்றார் அப்போது. "ராத்திரி நாய் குலைக்கலைன்னா திருடன் வரலைன்னு நெனச்சிக்கிட்டுத் தூங்குறோம். நாய் செத்துப்போயிருக்கலாம் இல்லையா? சுகர்ல மொதல்ல சாகுறது இந்த நாய்தான். பேஷண்ட் வந்து, எனக்குக் கால்ல ஒண்ணும் வலியே இல்லைன்னு சொன்னா, அங்கதான் நீங்க சந்தேகப்படணும்."

அன்று மாலை வீட்டில் இதை எல்லாம் கோமளாவிடம் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டுவிட்டு, "எலெக்‌ஷன் வந்தா நம்ம காலத் தொட்டுக் கும்புடறவங்களையும் பாத்துகீறோம். காலைத் தொடறவங்ககிட்டதான் உஷாரா இருக்கணும்," என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் அந்த நைலான் இழையை டிரஸ்ஸிங் டிரேயில் பத்திரமாக வைத்திருந்தேன். 'திருப்பித் தர வேணாம், நீங்களே வச்சிக்குங்க' என்று மேடம் சொன்னது இன்னொரு சந்தேகமாக உள்ளே கிடந்தது.

3. விழுந்த நட்டு

சில நாள் கழித்து ஒரு காலை நேரம் இசக்கிமுத்து வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மண்ணூரில் ரூம். முன்பே பழக்கம், ஏனென்றால் எங்களை எல்லாம் வாய் நிறைய "அண்ணாச்சி", "மைனி" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன். இரண்டு நாள் காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்புகிறானாம், ஃபிட்னஸ் வேண்டுமாம். அவனுடைய வருஷாந்திர செக்கப் அந்த மாதம்தான் எங்களிடம் முடிந்திருந்தது. சுகர் நார்மல்.

வழக்கம்போல ஷூவுக்கு மேல் கவர் போட்டு உள்ளே வந்தான். காய்ச்சல் பார்க்கக் கையைத் தொட்டேன். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அவன் உட்கார்ந்ததும் ஒரு வாடை வந்தது. சாக்ஸ் வாடை எனக்குத் தெரியும். இது வேறு. டிரஸ்ஸிங் ரூமில் இருக்கிறவனுக்கு இந்த வாடை தெரியும்.

"தம்பி, ஷூவைக் கொஞ்சம் கழட்டு."

"என்னத்துக்கு அண்ணாச்சி? காய்ச்சலுக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மாத்தான்."

"சும்மா ஒண்ணும் யாரும் கேக்க மாட்டாவ. கம்பெனில சொல்லி விட்டாவளா?"

"கம்பெனி இன்னாத்துக்குச் சொல்லுது? கழட்டு ராஜா."

"எனக்கு லேட்டாவுது அண்ணாச்சி. கால்ல ஒரு வலியும் இல்ல. நல்லாத்தான் நடக்கேன்."

வலி இல்லை என்று அவன் சொன்னதும் மேடம் சொன்ன நாய் எனக்கு ஞாபகம் வந்தது. நானே குனிந்து கவரை உருவிவிட்டு லேசை இழுத்துவிட்டேன். அவன் தடுக்கும் முன் ஷூ கையோடு வந்தது. அதைக் கவிழ்த்தேன். 'டக்'கென்று தரையில் ஒன்று விழுந்து உருண்டது.

இரும்பு நட்டு. விரல் நுனி அளவு.

"இது எப்பலருந்து உள்ள கீது?"

அவன் நட்டையே பார்த்தான். "தெரியலையே. நேத்து ஷிஃப்ட்ல விழுந்திருக்கும். இல்ல முந்தா நேத்தா…"

சாக்ஸ் உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக எடுத்தேன். இரண்டாவது விரலின் அடியில் குழி. சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது, நடுவில் கறுப்பு. நாம் செருப்பில் ஒரு சின்னக் கல் புகுந்தாலே நாலு அடி நடக்க மாட்டோம். இவன் ஒரு நட்டை மிதித்துக்கொண்டு ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலை பார்த்திருக்கிறான்.

குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தேன். மெஷின் நம்பர் காட்டவில்லை. அளவுக்கு மேலே போனால் அது 'ஹை' என்று எழுத்துதான் காட்டும். அதைத்தான் காட்டியது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் காலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், செக்கப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"இதுல சுகர் நார்மல்னு இருக்கு. குப்புராஜ்!"

குப்புராஜ் வந்து பார்த்தான். "நான் போட்டது சரியாத்தான் சார் கீது."

"இந்த மாசம் நார்மல், இப்ப மெஷினுக்கே அடங்கலையா? டெஸ்ட் பண்ணித்தான் எழுதினியா?"

"இன்னா சார் இப்புடி கேட்டுட்டீங்க? டெஸ்ட் பண்ணாமயே எழுதுறவனா நானு?"

"செக்கப் கேம்ப் அன்னிக்கி கூட்டம் ஜாஸ்திதான்…" என்று ஜமுனா கவுண்டரில் இருந்து இழுத்தாள்.

"நீ வாய மூடு! டோக்கன மாத்திப் போட்டது நீயா இருக்கும். ட்யூப்புல பேரு ஒட்டுனது யாரு?"

"நான் இன்னா உன்னாட்டம் போனப் பாத்துகினு வேல செய்றேனா?"

"இதெல்லாம் அந்தப் பொம்பள வந்த நாள்லருந்துதான் சார்," என்று குப்புராஜ் குரலை உயர்த்தினான். "என்ன மாட்ட வைக்கத்தான் வந்துகீது!"

டாக்டருக்கு வேறு பயம். "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான்யா. மயங்கி எவன் மேலயாவது ஏத்திட்டான்னா, ஃபிட்டுன்னு எழுதின நான்தானே பதில் சொல்லணும்? ஜமுனா, அந்தக் கம்பெனி ஹெச்.ஆர். நம்பரப் போடு மொதல்ல."

நான் பஞ்சும் மருந்தும் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தேன். மறுபடி பார்த்தபோது ஸ்டூல் காலி. ஈர சாக்ஸ் தரையில் கிடந்தது. வாசலுக்கு ஓடினேன். அவன் வெறும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, லேசைக் கூடக் கட்டாமல், ஷேர் ஆட்டோவில் தொற்றி ஏறிவிட்டான். அந்தக் குழிப் புண்ணின் மேலேயே ஓடியிருக்கிறான். அப்போதும் அவனுக்கு வலித்திருக்காது.

4. மண்ணூர் ரூம்

மேடத்துக்கு நான்தான் போன் செய்தேன். ரிப்போர்ட் எப்படி மாறியிருக்கும், தப்பு யார் மேல் இருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"யார் தப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம்ணே. அந்தக் காலு இப்ப எங்க இருக்கு?"

"மண்ணூர் ரூமுக்குத்தான் போயிருப்பான் மேடம்," என்றேன்.

"கறுப்பு ஆரம்பிச்சிருச்சி, காய்ச்சல் இருக்கு. விட்டா மேல ஏறும். அப்புறம் விரலோட நிக்காது, முழங்காலுக்குப் போயிடும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். போய்க் கூட்டிட்டு வாங்க."

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஹெச்.ஆருக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லையாம். "மொதல்ல காலப் பாப்போம், போ," என்றார். மதியம் கிளினிக் மூடியதும் டிரஸ்ஸிங் பையோடு கிளம்பினேன். எக்ஸெல் வண்டியைக் கிளப்பும்போது குப்புராஜ் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா?"

"என் பேரு கெட்டுப்போச்சிண்ணே. அவன் வாயால நான் கேக்கணும்."

ரூமைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மண்ணூரில் ஒரு மாடி வீட்டை வரிசையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் சேஃப்டி ஷூக்கள். நைட் ஷிஃப்ட்காரர்கள் தூங்குகிற நேரம், அதனால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. விசாரித்துத் தட்டினோம். மாரியப்பன் என்கிற பையன் கதவைப் பாதி திறந்தான்.

"இசக்கியா? ஊருக்குப் போயிட்டானே."

"எப்ப?"

"காலைலயே."

நான் கீழே பார்த்தேன். வரிசையில் ஒரு ஜோடி ஷூ மட்டும் லேசு விரிந்தபடி கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். உட்பக்கம் இன்னும் ஈரம்.

"ஷூவ வுட்டுட்டா ஊருக்குப் போனான்?"

மாரியப்பன் முகம் மாறியது. "நீங்க ஹெச்.ஆர். ஆளுதானே? நாமம் போட்ட ஆளா அனுப்பினா நம்பிருவோம்னு நெனைக்காவளோ?"

"டேய், நாங்க கிளினிக்குடா," என்றான் குப்புராஜ்.

"அதான் சொல்லுதேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர்கள் பார்வையில் ரெண்டும் ஒன்றுதான். எங்கள் கையெழுத்தில்தான் அவர்கள் வேலை நிற்கிறது, போகிறது.

"ஹெச்.ஆருக்கு யாரும் இன்னும் சொல்லல தம்பி. அந்தப் புண்ணக் கழுவாம வுட்டா அவன் காலே போயிடும். நான் கழுவிட்டுப் போறேன். வேற ஒண்ணும் கேக்கல."

உள்ளேயிருந்து இசக்கிமுத்துவின் குரல் வந்தது: "வரட்டும்ல."

சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தான். இன்னும் நாலு பேர் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் எங்கள் கையையே பார்த்தார்கள். போனை எடுத்துப் படம் பிடிப்போமோ என்று பயம் போல.

குப்புராஜால் அடக்க முடியவில்லை. "நீயே சொல்லுடா. உன் கையில நான் ரத்தம் எடுத்தேனா இல்லியா?"

இசக்கிமுத்து மாரியப்பனைப் பார்த்தான். மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட எடுத்தீய," என்றான். "மாஸ்க்கு போட்டா ரெண்டு பேரும் ஒரே சாடைதானே. அவன் டோக்கனுக்கு நான் கைய நீட்டுனேன்."

குப்புராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து, "உன்ன கடிக்கலாம் போலக்கீதுடா!" என்று கத்தினான். யாரோ சிரித்துவிட்டார்கள். குப்புராஜும் சிரித்துவிட்டான். அந்த ரூமில் முதல் தடவையாகக் கொஞ்சம் காற்று வந்தது.

இசக்கிமுத்து மெதுவாகச் சொன்னான். ஊரில் ஒரு கேம்பில் இரண்டு வருஷத்துக்கு முன்பே சுகர் என்று சொல்லிவிட்டார்களாம். கொஞ்ச நாள் மாத்திரை போட்டானாம். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டான். "இந்த வருஷம் பெர்மனெண்ட் ஆக்குதோம்னு சொல்லிருக்காவ அண்ணாச்சி. சுகருன்னு தெரிஞ்சா வண்டியத் தர மாட்டாவ. காண்ட்ராக்டுலயே கெடந்து சாக வேண்டியதுதான்."

"காலே இல்லன்னா எந்த வண்டிய ஓட்டுவ?"

"நீங்க பயமுறுத்துதீய. வலியே இல்லாத புண்ணு எப்படிக் காலக் கொண்டு போவும்? உங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கணும், அதான."

பேசினால் நிற்காது. ஒரு பேசினில் தண்ணீர் கேட்டேன். மேடம் செய்தது போலவே தரையில் உட்கார்ந்து என் துண்டை விரித்து அவன் காலைத் தூக்கினேன். அவன் வெடுக்கென்று இழுத்தான்.

"அண்ணாச்சி, வேண்டாம். எங்கப்பா வயசு உங்களுக்கு. நாமத்தப் போட்டுக்கிட்டு என் காலத் தொடாதிய. எனக்குப் பாவம் சேரும்."

சத்தியமாக எனக்கும் உள்ளே அந்தத் தயக்கம் இருந்தது. புண்ணைத் தொடுவது வேறு, ஒரு சின்னப் பையன் காலை மடியில் ஏந்துவது வேறு. அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: "சனிக்கிழமை ஆனா கோயில்ல நான் குனிஞ்சி நிக்கிறேன். பட்டர் சடாரிய என் தலைமேல வெக்கிறாரு. அது இன்னான்னு தெரியுமா? பெருமாளோட பாதம். பாதத்தத் தலையில வாங்கிக்கிறவன் கையில வாங்க மாட்டனா? காலக் குடு."

அவன் கொடுத்தான்.

புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, பையிலிருந்து நைலான் இழையை எடுத்தேன். முதலில் மாரியப்பனைக் கூப்பிட்டேன். கண்ணை மூடச் சொல்லி அவன் விரல் அடியில் வைத்தேன். "ஏ, கூசுது கூசுது!" என்று துள்ளினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவன் காலை நீட்டினான். அவனுக்கும் கூசியது. ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு இசக்கிமுத்து கண்ணை மூடினான். "தொடுறது தெரிஞ்சா சொல்லு," என்றேன். கட்டை விரல் அடியில் வைத்து அழுத்தினேன். இழை வளைந்தது. அவன் பேசவில்லை. பக்கத்தில் வைத்தேன். நடுப் பாதத்தில் வைத்தேன். பேசவில்லை. கடைசியில் இழையைக் கீழே வைத்துவிட்டு, என் கட்டை விரலாலேயே அவன் பெருவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடியபடியே அவன் கேட்டான்: "தொடுதேன்னு சொன்னிய, இன்னும் தொடலையே அண்ணாச்சி?"

மாரியப்பன்தான் சொன்னான். "ஏல இசக்கி… கண்ணத் தொறந்து பாருல."

அவன் திறந்து பார்த்தான். என் கை அவன் விரலைப் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி எங்கே, எப்போது போகணும் என்று அதற்குப் பிறகு அவனேதான் கேட்டான்.

5. அதற்குப் பிறகு

அன்று மாலையே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாரியப்பன் கூடவே தங்கினான். அந்த இரண்டாவது விரலை எடுக்க வேண்டி வந்தது. மற்றதெல்லாம் தப்பியது. இன்னும் ரெண்டு நாள் ஷூவுக்குள்ளேயே வைத்திருந்தால் கதை வேறு என்று அங்கே டாக்டர் சொன்னாராம். எல்லாம் பெருமாள் செயல்.

அடுத்த புதன்கிழமை மேடத்துக்கும் எங்கள் டாக்டருக்கும் பெரிய வாக்குவாதம். கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று. மேடம் சொன்னார்: "இந்த வேலைக்கு அவர் தகுதியா, இல்லையான்னு எழுதுங்க டாக்டர். என்ன வியாதின்னு அவர் ஒத்துக்கிட்டாத்தான் எழுதணும். நீங்க எல்லாத்தையும் சொல்லிடுவீங்கன்னு பயந்துதானே அடுத்தவன் ரத்தத்தைக் குடுக்குறாங்க?" டாக்டர் கடைசியில், காலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கவும் என்று எழுதினார். கம்பெனி அவனை ஸ்டோர்சில் போட்டது என்று கேள்வி. பெர்மனெண்ட் ஆனானா என்று தெரியாது. ரொம்ப நாள் அவன் எங்கள் பக்கம் வரவேயில்லை.

குப்புராஜ் இப்போது மாஸ்க்கை இறக்கி முகம் பார்க்காமல் யாருக்கும் ஊசி குத்துவதில்லை. வாசலுக்கு உள்பக்கம் சேஃப்டி ஷூவுக்கென்று பூட்டுப் போட்ட ஒரு இரும்பு ஸ்டாண்ட் வைத்தோம். சாவி ஜமுனாவிடம். கம்பெனி ஆட்களும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். முனகிக்கொண்டே வருகிறார்கள். ஜமுனாவும் இப்போது பெண்கள் காலைப் பார்க்கிறாள். ஆனால் மேடம் ஒருநாள் ஏதாவது மாத்திரையோடு வந்து நிற்பார் என்று இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவரும் வந்து போகிறார். இதுவரை பேனா கூட வரவில்லை.

பிள்ளைகளே, இந்த வேலையில் சந்தேகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சந்தேகம் வேண்டும். நாங்கள் அன்றைக்கு மேடத்தைச் சந்தேகப்பட்டோம், ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம், அந்த நேரத்தில் கால் எழுந்து போய்விட்டது. நல்லா இருக்கேன் என்று சொல்கிற காலைச் சந்தேகப்படுங்கள். நார்மல் என்று வருகிற ரிப்போர்ட்டைக் காலோடு சேர்த்துப் பாருங்கள். பேஷண்ட் உங்களை நம்பவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அவன் நம்புகிறவரை காத்திருக்கப் புண்ணுக்கு நேரமில்லை. உட்கார்ந்து காலைக் கையில் வாங்குங்கள்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், கிளினிக் மூடுகிற நேரத்தில் இசக்கிமுத்து வந்தான். காலில் எம்.சி.ஆர். செருப்பு, சுகர்காரர்களுக்கென்று கொடுக்கிற மெத்தென்ற செருப்பு. கூட இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், சேஃப்டி ஷூவோடு. சட்டையில் கம்பெனி பேர் இருக்கிற இடத்தைக் கையால் மறைத்திருந்தான்.

"பேரு சொல்லுங்க, டோக்கன் போடணும்," என்றாள் ஜமுனா.

"பேரெல்லாம் வேண்டாம் மைனி," என்றான் இசக்கிமுத்து. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, இவன் யாரு, எந்தக் கம்பெனின்னு கேக்காதிய. கால மட்டும் பாருங்க."

நான் துண்டை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பையன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து லேசை அவிழ்க்க ஆரம்பித்தான்.